ஆள் பிடிக்கும் ஆபீஸில் யாருக்குப் பிரமோஷன்?

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி வந்த ஒரு கேள்விக்கு, "கோச் யாரென்று பார்ப்பதோடு, பள்ளி வீரர்களைக் கல்லூரி அணிக்குப் பிடித்துவரும் ரெக்ரூட்டிங் ஆபீஸில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான். ஓஹையோ, இண்டியானா, டெக்ஸஸ், ஜார்ஜியா என்று நாலா திசையிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் அபிமான அணியில் நடந்த பதவி உயர்வுக்கு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். ஃபுட்பால் வாசமே ஆகாதவர்கள் கூச்சப்படாமல் பக்கத்தைப் புரட்டலாம்.

எனக்கென்ன தகுதி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதுகலை படித்த காலத்தில் மத்திய மேற்கில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் ரெக்ரூட்டிங் ஆபீஸில் மாணவ உதவியாளனாக இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். அங்கே பார்த்தது, அதன்பின் விடாமல் கவனித்து வருவது, இவ்வளவுதான் என் சரக்கு.

கொலம்பஸ் வாசகி: நாங்கள் ஆதரிக்கும் கல்லூரியில் எந்த வீரரை எடுப்பது என்று பார்க்கும் ப்ளேயர் பர்சனல் டைரக்டர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அவருக்குக் கீழே உதவி டைரக்டராக இருந்தவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். "கஞ்சத்தனம், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்க வேண்டும்" என்கிறார் கணவர். "பையன்களை அவருக்குத்தானே தெரியும்" என்கிறான் மகன். சாப்பாட்டு மேஜையில் தினம் சண்டை. யார் பக்கம் நியாயம்?

மகன் பக்கம்தான், அம்மா. ஆனால் அவன் சொல்லும் காரணம் பாதிதான் சரி.

பையன்களைத் தெரியும் என்பது பெரிய விஷயமில்லை. பையனோடு பேசிப் பழகுவது பெரும்பாலும் அந்தந்த இடத்துக்கான பொசிஷன் கோச்சின் வேலை. லைன்மேன் என்றால் லைன் கோச், ரிசீவர் என்றால் ரிசீவர் கோச். பர்சனல் டைரக்டரின் சொத்து வேறு: அதற்கு 'போர்டு' என்று பேர். நான் இருந்த ஆபீஸில் ஒரு சுவர் முழுக்கக் காந்தப் பட்டைகள் ஒட்டியிருக்கும். ஒரு பட்டைக்கு ஒரு பையன். பேர், பள்ளி, உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம். உயரத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் நாங்களே அளந்தது. புள்ளி இல்லையென்றால் அது அப்பா சொன்ன உயரம். ஜூன் மாத கேம்ப்பில் ஷூவைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிற்கவைத்து அளப்போம். ஆறடி இரண்டங்குலம் என்று எழுதப்பட்டிருந்த எத்தனையோ பையன்கள் அந்தச் சுவரில் ஆறடியைத் தொடவில்லை. அளந்துவிட்டு நிமிர்ந்தால், பத்தடி தள்ளி நிற்கும் அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் போர்டில் இருப்பது இந்த வருஷத்துப் பையன்கள் மட்டுமல்ல, அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் வரை அடுக்கியிருக்கும். வெளியிலிருந்து புது ஆள் வந்தால் முதல் காரியமாக எல்லோருடைய விளையாட்டு வீடியோவையும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அவர் பார்த்து முடிக்கும் வரை, ஏற்கெனவே ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுக்கப்பட்ட பையன்களுக்குப் போன் குறையும். பதினாறு வயதுப் பையனுக்கு இரண்டு வாரம் போன் வரவில்லையென்றால் புரிந்துவிடும். பக்கத்து மாநிலக் கோச் ஒருவர் அவன் வீட்டு வாசலில் நிற்பார். உள்ளிருப்பவரையே உயர்த்துவதில் இந்த நஷ்டம் இல்லை.

கணவர் சொல்லும் கஞ்சத்தனத்தையும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: உதவி டைரக்டரை மேலே ஏற்றினார்களே, அவர் விட்டு வந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்? யாரையும் இல்லையென்றால், ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு அதற்குப் பிரமோஷன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை விசாரித்துவிட்டு இன்று இரவு மேஜைக்கு வாருங்கள்.

டல்லாஸ் வாசகர்: ரெக்ரூட்டிங் கோஆர்டினேட்டர், ரெக்ரூட்டிங் டைரக்டர், ப்ளேயர் பர்சனல் டைரக்டர், ஜெனரல் மேனேஜர். யார் யாருக்கு மேலே?

ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக, கோஆர்டினேட்டர் என்பவர் ஒரு கோச். கூடுதலாக இந்தப் பட்டமும் அவருக்கு. ரெக்ரூட்டிங் டைரக்டர் கடிதம், செய்தி, விசிட், போட்டோ என்று பையனுக்கும் கல்லூரிக்கும் நடுவே நடக்கும் எல்லாப் போக்குவரத்தையும் பார்ப்பவர். பர்சனல் டைரக்டர், "இவன் நம் அணிக்கு ஆவானா" என்று தீர்ப்பு சொல்பவர். ஜெனரல் மேனேஜர் இப்போதைய புது வரவு, அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதில் பலர் கவனிக்காத கோடு ஒன்று உண்டு. கல்லூரி வளாகத்தைவிட்டு வெளியே போய், பள்ளியிலும் வீட்டிலும் பையனைப் பார்க்க அனுமதி தலைமைக் கோச்சுக்கும் அவருடைய பத்து உதவிக் கோச்சுகளுக்கும்தான். 2018 ஜனவரிக்கு முன் ஒன்பது உதவிக் கோச்சுகள்தான். 2024 ஜூனில் கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியபோது, மற்ற ஊழியர்களும் மைதானத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்கள். வெளியே போய் ஆள் பிடிக்கும் உரிமையை மட்டும் அந்தப் பதினொரு பேரை விட்டு நகர்த்தவில்லை. ஆக, "எங்கள் புது டைரக்டர் ஃப்ளோரிடா முழுக்கச் சுற்றி அள்ளிக்கொண்டு வருவார்" என்று துள்ளும் ரசிகரிடம், அவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று மெதுவாகக் கேளுங்கள்.

பட்டத்தை நம்பாதே என்பதற்கு மிச்சிகனே போதும். 2023 அக்டோபரில், எதிரணிகளின் சைகைகளைப் படம் பிடிக்க ஆட்களை அனுப்பினார் என்று நாடு முழுக்கப் பேசப்பட்டாரே ஒரு ஊழியர், அவருடைய பதவியின் பேர் என்ன தெரியுமா? ரெக்ரூட்டிங் அனலிஸ்ட்!

ஆஸ்டின் வாசகர்: ஐந்து நட்சத்திரப் பையன்கள் ஏன் எப்போதும் முப்பது சொச்சம் பேர்தான்?

என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 இடம். பள்ளி வீரர்களை மதிப்பிடும் 247ஸ்போர்ட்ஸ் இணையதளம் அந்தக் கணக்கை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறது. முப்பத்து மூன்றாவது பையன் பாவம்தான்.

பாலோ ஆல்டோ வாசகர்: ஜெனரல் மேனேஜர் என்பதெல்லாம் என்.எஃப்.எல்.லைப் பார்த்துப் போட்டுக்கொண்ட சூடுதானே? பழைய டைரக்டருக்கே புதுப் பேர் வைத்துச் சம்பளத்தை ஏற்றுகிறார்கள் என்று எங்கள் நண்பர் குழுவில் பேச்சு.

சில இடங்களில் அப்படித்தான். உங்கள் ஊரிலேயே அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் தன் பழைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை ஜெனரல் மேனேஜர் ஆக்கியது. 2025 மார்ச்சில் தலைமைக் கோச் ட்ராய் டெய்லரை வீட்டுக்கு அனுப்பியவர் அதே லக். அடுத்த சில நாட்களில் ஃப்ராங்க் ரைக்கை இடைக்காலக் கோச்சாகக் கூட்டிவந்தவரும் அவர்தான். கோச்சையே மாற்றும் அதிகாரம்! வட கரோலினாவில் கதை தலைகீழ். 2024 டிசம்பரில் பில் பெலிச்சிக் கோச்சாக வந்தபோது தன் பழைய கூட்டாளி மைக்கேல் லம்பார்டியை ஜெனரல் மேனேஜராக உடன் அழைத்துவந்தார். அங்கே கோச்சின் நிழலில்தான் ஜெனரல் மேனேஜர். ஒரே பட்டம், ஒருவர் கோச்சுக்கு மேலே, இன்னொருவர் கோச்சுக்குக் கீழே.

ஆனால் வெறும் பேர் மாற்றம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது 2025 ஜூன் 6-க்குப் பிறகு எடுபடாது. அன்றுதான் நீதிபதி க்ளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். கல்லூரியே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், 2025-26 ஆண்டுக்கு ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான். கூடவே 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்குப் போய், அணியில் 105 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. இத்தனை பணத்தை இத்தனை பேருக்குப் பங்கு போட வேண்டும், ஏஜென்ட்டோடு பேரம் பேச வேண்டும், அடுத்த வருஷத்துக்கும் மிச்சம் வைக்க வேண்டும். இது பழைய டைரக்டர் செய்த வேலையே அல்ல.

வீரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காகத்தான் 1987-ல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. இன்று அதே காரியத்தைக் கணக்கு எழுதிச் செய்ய ஒரு ஆபீஸ், ஒரு பட்டம், ஒரு நாற்காலி.

டல்லாஸ் வாசகரேதான், இன்னொரு கடிதத்தில்: அப்படியானால் என்.எஃப்.எல். ஆட்கள் வந்தால் நல்லதா?

பணக் கணக்குக்கு நல்லது. பதினேழு வயதுப் பையனின் அம்மாவிடம் பேசுவதற்கு என்.எஃப்.எல். அனுபவம் ஒரு பைசாவுக்கும் உதவாது. கல்லூரிக் கடைசி வருஷ வீரர்கள் என்.எஃப்.எல். ஸ்கவுட்டுகள் முன் ஆடும் சீனியர் பவுல் ஆட்டத்தை நடத்திவந்த ஜிம் நேகியை 2025-ல் ஓக்லஹோமா ஜெனரல் மேனேஜராக எடுத்தது. எனக்கு அந்தத் தேர்வு பிடித்தது. அவர் என்.எஃப்.எல்.லில் ஸ்கவுட்டாகவும் இருந்தவர், கல்லூரி சீனியர்களை வருஷக்கணக்காக நேரில் பார்த்தவரும்கூட. கூடவே பள்ளிப் பையன்களைத் தெரிந்த ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டால் கவலையில்லை.

சவுத் பெண்ட் வாசகர்: சேட் போடனைப் பற்றி ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? நாங்கள் வளர்த்துவிட்டோம், இறுதி ஆட்டம் முடிந்த சூட்டோடு தென் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.க்கு ஓடிவிட்டார். துரோகம் இல்லையா?

சார், கோபத்தைக் கொஞ்சம் ஆற வையுங்கள். போடன் சின்சினாட்டியிலிருந்து கோச் மார்கஸ் ஃப்ரீமனோடு உங்கள் ஊர் நாட்டர்டாமுக்கு வந்தவர். படிப்படியாக ஏறி ஜெனரல் மேனேஜர் ஆனார். 2025 ஜனவரி 20 அன்று ஓஹையோ ஸ்டேட்டிடம் 34-23 என்று இறுதி ஆட்டத்தில் தோற்றீர்கள். அடுத்த சில நாட்களில் அவர் யு.எஸ்.சி.க்குப் போகும் செய்தி வந்தது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு, கோச்சை நீக்கினால் மறுநாள் தங்களுக்கும் வேலை இல்லை. கோச்சுக்காவது நீக்கினால் கோடிக்கணக்கில் மீதித் தொகை கிடைக்கிறது. ரெக்ரூட்டிங் உதவி டைரக்டருக்கு ஒரு அட்டைப் பெட்டி கிடைக்கும், மேஜையைக் காலி செய்ய. அப்படிப்பட்ட இடத்தில் விசுவாசத்தை ஒரு பக்கமாக மட்டும் எதிர்பார்ப்பது எனக்கு ஒப்பாது.

உங்கள் நாட்டர்டாமே அடுத்து என்ன செய்தது? டெட்ராய்ட் லயன்ஸ் அணியிலிருந்து மைக் மார்ட்டினைக் கொண்டுவந்தது. லயன்ஸ் ரசிகர்கள் யாரும் துரோகம் என்று எனக்குக் கடிதம் போடவில்லை.

ஒரே இடத்தில் நிலைத்தவர் வேண்டுமென்றால் உங்களைத் தோற்கடித்த ஊரிலேயே இருக்கிறார். கோச் அர்பன் மேயர் ஃப்ளோரிடாவில் தன்னோடு இருந்த மார்க் பன்டோனியை 2012 சீசனுக்காக ஓஹையோ ஸ்டேட்டுக்கு அழைத்துவந்தார். 2018 சீசனோடு மேயர் போனார். ரையன் டே வந்தார். பன்டோனி போகவில்லை. கோச் மாறியும் போர்டு மாறாத அபூர்வமான ஆபீஸ் அது. 2024 சீசனின் கோப்பைக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். சவுத் பெண்டிலிருந்து இதற்கும் ஒரு வசவுக் கடிதம் வரும், தெரியும்.

பெயர் வேண்டாம், ஒரு மாணவர்: எங்கள் பல்கலைக்கழக ரெக்ரூட்டிங் ஆபீஸில் மாணவ உதவியாளராகச் சேர நினைக்கிறேன். மூன்று, நான்கு வருஷத்தில் டைரக்டர் ஆக முடியுமா? அப்பா, "கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு இதற்கா?" என்கிறார்.

தம்பி, முதலில் ஆட்ட நாள் ஒன்று எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பகல் பன்னிரண்டு மணி ஆட்டம் என்றால் விடிவதற்குள் அங்கே இருப்பாய். நீள மேஜை, மேலே வரிசையாகக் கழுத்தட்டைகள், ஒவ்வொன்றிலும் பையன் பேர், கூட வருபவர் பேர், எந்தக் கோச் வரவேற்க வேண்டும் என்று. பேரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அந்தக் குடும்பம் வீடு போகும் வரை மறக்காது. நான் ஒரு சீட்டில் இரண்டு பட்டியல் வைத்திருப்பேன்: அம்மாவும் அப்பாவும் பிரிந்திருந்தால் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள், யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்று. அந்தச் சீட்டு எந்த விளம்பரத்திலும் வராது; ஆனால் டைரக்டர் காலையில் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். பிறகு பையன்களை ஜெர்சி போட்டுப் படம் எடுக்க அழைத்துப்போவாய். அளவு தெரியாமல் சின்ன ஜெர்சியை நீட்டினால் முந்நூறு பவுண்டு பையன் எல்லார் முன்னாலும் அதற்குள் புக முயல்வான். அவன் முகம் போகும் போக்கைப் பார்த்தால் உனக்கே புரியும், ஒரு ஸ்காலர்ஷிப் எங்கே நழுவுகிறது என்று.

ஆட்டத்தைப் பார்ப்பாயா? மாட்டாய். சத்தத்தை வைத்து யார் கோல் போட்டார்கள் என்று ஊகிப்பாய். (கோல் இல்லை, டச்டவுன். வாசகர்கள் திருத்தக் கடிதம் போட வேண்டாம், என் ஆபீஸிலேயே அப்படித்தான் கிண்டலடிப்போம்.)

இனி பணம். மாணவருக்கு மணிக்கணக்குக் கூலி உண்டு, சில இடங்களில் அதுவும் கிடையாது. முழுநேர வேலைக்கு வந்தால், ஓவர்டைம் இல்லாமல் மாதச் சம்பளத்தில் வேலை வாங்க அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,568 டாலர். 2024-ல் அதை உயர்த்தினார்கள், அதே ஆண்டு நவம்பரில் டெக்ஸஸ் நீதிமன்றம் அந்த உயர்வைத் தூக்கியெறிந்துவிட்டது. ஆரம்பப் படியில் இருக்கும் பலர் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்பார்கள், வாரம் எழுபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு. அப்பா கவலைப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அவரிடம் இதையும் சொல்: இந்த ஆபீஸ்களுக்கு இப்போது கணக்குப் போடத் தெரிந்தவன் வேண்டும். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பேர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்த நாளில் நூற்றுக்கணக்கான பேர் வந்து விழுகிறார்கள். அவர்களை ஒரே இரவில் சல்லடை போட, எந்தப் பையன் எத்தனை ஸ்நாப் (பந்தைத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத் துண்டு) ஆடினான், காயம் எப்போது, எவ்வளவு கேட்கிறான் என்று ஒழுங்குபடுத்த ஆள் தேடுகிறார்கள். கழுத்தட்டை அடுக்கப் போகிறவர்களுக்கு நடுவே இது தெரிந்தவனாகப் போனால் மேலே ஏறுவாய். மூன்று, நான்கு வருஷத்தில் டைரக்டர் ஆவாயா என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன்.

உனக்கு ஃபுட்பால் ஆடும் தம்பி யாராவது பள்ளியில் இருக்கிறானா? இருந்தால் முதலில் கல்லூரியின் விதிமுறை ஆபீஸைக் கேட்டுக்கொள். பையனுக்கு நெருங்கியவரை, அவன் சேருவதற்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷத்துக்குக் கோச் அல்லாத வேலையில் வைக்கக்கூடாது என்று 2017-ல் விதி வந்திருக்கிறது. பையனைப் பிடிக்க அவன் பள்ளிக் கோச்சுக்கு வேலை கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தத்தான்.

அட்லாண்டா வாசகி: பிரமோஷன் பட்டியல் வந்தால் எங்கள் ரசிகர் கூட்டத்தில் ஆண்களின் பேரைத்தான் அலசுகிறார்கள். "ஆன் கேம்பஸ் ரெக்ரூட்டிங்" டைரக்டராக ஒரு பெண் உயர்த்தப்பட்டால், "விருந்து வைக்கிறவர்தானே" என்று சிரிக்கிறார்கள். நீங்களும் அதே ரகமா?

அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சல்தான், அம்மா. விசிட் நாளில் பையன் கோச்சிடம் பேசுகிறான். அவன் அம்மா? வேதியியலில் தோற்றால் யார் பாடம் சொல்லித் தருவார்கள், முட்டி கிழிந்தால் எந்த டாக்டர், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சர்ச், இதையெல்லாம் கேட்பது "விருந்து வைக்கிறவரிடம்" தான். அந்தப் பதிலில்தான் பல கையெழுத்துகள் தீர்மானமாகின்றன. நான் வேலை பார்த்த ஆபீஸில் அந்த மேஜையில் இருந்த அம்மையார் இரண்டு நிமிஷம் ஒரு பெற்றோரிடம் பேசிவிட்டு, "இந்தப் பையன் வரமாட்டான், நேரத்தை வீணாக்காதீர்கள்" என்பார். போர்டில் அவன் பட்டை இன்னும் மேலேயே இருக்கும், கோச்சுகள் மூன்று வாரம் கழித்துத்தான் அதை இறக்குவார்கள்.

இந்த மேஜைக்குப் பழைய நிழல் ஒன்று உண்டு, மறைக்க வேண்டாம். மாணவிகளை மட்டும் வைத்து "ஹோஸ்டஸ்" குழு நடத்திய காலம் இருந்தது. கொலராடோவில் வெடித்த பாலியல் புகார் விவகாரத்துக்குப் பின் 2004-ல் என்.சி.ஏ.ஏ. விசிட் விதிகளை இறுக்கி, அதற்கு முடிவு கட்டியது. ஆபத்தும் இந்த மேஜைக்குத்தான் முதலில். டென்னஸியில் நேரில் சந்திக்கவே கூடாது என்ற கோவிட் காலத்து டெட் பீரியடிலும் பையன்களுக்கு விசிட் நடத்தி, செலவுக்குப் பணமும் கொடுத்த வழக்கில் 2023 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இருநூறுக்கு மேல் விதிமீறல்கள், கல்லூரிக்கு 80 லட்சம் டாலர் அபராதம். அதில் தண்டனை பெற்றவர்களில் கோச்சுகளோடு ரெக்ரூட்டிங் ஊழியர்களும் உண்டு.

இவ்வளவு பொறுப்பு சுமக்கும் மேஜையிலிருந்து பர்சனல் டைரக்டர் நாற்காலிக்குப் பெண்கள் போவது மிக அரிது. ஆன் கேம்பஸ் உதவி டைரக்டர், டைரக்டர், சீனியர் டைரக்டர் என்று பட்டம் நீளும். வீடியோ பார்த்துத் தீர்ப்பு சொல்லும் அறைக்குள் மட்டும் நாற்காலி போட மாட்டார்கள். உங்கள் ரசிகர் கூட்டத்தில் அடுத்த முறை யாராவது சிரித்தால், இதைக் கேளுங்கள்.

இண்டியானா வாசகர்: உங்கள் போர்டு, பட்டை எல்லாம் சரி. எங்கள் அணி 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. 2024-ல் 11 வெற்றி. நட்சத்திரப் பையன்களே இல்லாமல்! அப்புறம் எதற்கு ரெக்ரூட்டிங் ஆபீஸ்?

கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தபோது ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டஜனுக்கு மேல் வீரர்களைக் கூடவே கூட்டிவந்தாரே, அவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களா? வேறு ஊரில் போர்டு வைத்து, வேறு ஊரில் அளந்து தேர்ந்தெடுத்த பையன்கள். ஆபீஸைச் சுருட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது, அதை மதிக்கிறேன். கோப்பை வெல்ல, கடைசி நான்கு வருஷத்தில் சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரப் பையன்களாக இருக்க வேண்டும் என்று 'ப்ளூ சிப்' கணக்கு ஒன்று சொல்வார்கள். பள்ளியிலிருந்து வந்தவன் நான்கு வருஷம் இருப்பான் என்ற காலத்துக் கணக்கு அது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-ல் ஒருமுறை மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். அதே வருஷம் ஜூலையில் வீரர்கள் தங்கள் பேர், படம் வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி. இப்போது ஒரு பர்சனல் டைரக்டரை மதிப்பிடுவது எப்படி? முன்பு மூன்று இலையுதிர் காலம் பொறுத்தால் அவர் எடுத்த பையன்கள் மைதானத்தில் தெரிவார்கள். இப்போது அவர் எடுத்தவன் வேறு ஜெர்சியில் தெரிகிறான். அவனை நல்லவனாகத் தேர்ந்தெடுத்ததற்கு இவருக்கு மார்க்கா, தக்கவைக்கத் தெரியாததற்கு மார்க் குறைப்பா?

நான் பார்ப்பது, சொந்த மாநிலத்திலேயே கவனிக்காமல் விட்ட பையன்களைத்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆஃபர் கொடுக்காமல் விட்டவன், வேறு ஊரில் போய் உங்களுக்கு எதிராகவே இரண்டு டச்டவுன் போட்டால் அது அந்த ஆபீஸின் கணக்கு. நட்சத்திரம் பார்த்து ஐந்து பேருக்குப் பின்னால் ஓடியவர்களுக்கு இதில்தான் அடி விழும். இதை எந்த ரேங்கிங்கும் காட்டாது. ரசிகர் நீங்கள்தான் நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

ஆன் ஆர்பர் வாசகர்: இவர்கள் சம்பளமெல்லாம் ரசிகர்களுக்கு எப்படித் தெரிகிறது?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டம். கேட்டால் கொடுத்தாக வேண்டும், நிருபர்கள் கேட்கிறார்கள். நாட்டர்டாம், யு.எஸ்.சி., ஸ்டான்ஃபோர்ட் தனியார், மூடிவைக்கலாம். அதனால்தான் அரசுப் பல்கலைக்கழக ரசிகர்களின் சண்டையில் எண்கள் இருக்கும், தனியார் ரசிகர்களின் சண்டையில் வதந்தி இருக்கும்.

கொலம்பஸ் வாசகியின் மகன் (தனிக் கடிதம்): பிரமோஷன் அறிவிப்புகள் ஏன் எப்போதும் பிப்ரவரி, மார்ச்சில் வருகின்றன? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அம்மா இந்தப் பத்தியைப் படிப்பார் என்று உனக்குத் தோன்றவில்லையா, தம்பி?

காரணம் காலண்டர். டிசம்பர் முதல் வாரத்தில் முன்கூட்டியே கையெழுத்து, பிறகு சீசன் கடைசியில் வரும் பவுல் ஆட்டங்கள், பிறகு போர்ட்டல், பிப்ரவரி முதல் புதன்கிழமை பழைய கையெழுத்து நாள். அது வரை யாருக்கும் யாரையும் நகர்த்த நேரமில்லை. நகர்த்தினால் பையன் போனை எடுக்கும்போது எதிர்முனையில் புதுக் குரல். இப்போது இரண்டு போர்ட்டல் காலங்களை ஒன்றாக்கி, 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும் என்று வைத்தார்கள். வசந்த காலப் போர்ட்டல் இல்லை. அதனால் ஜனவரி பாதியோடு அணி ஏறக்குறைய முடிவாகிவிடும், ஆபீஸ் மாற்றங்களும் ஜனவரிக் கடைசிக்கே முன்னேறும் என்று நினைக்கிறேன். போட்டிக் கல்லூரிகள் உங்கள் உதவி டைரக்டருக்குத் தூது விடுவதும் அதே இரண்டு வாரத்தில்தான். உங்கள் கல்லூரி அவரை உயர்த்தியது அன்பினால் இருக்கலாம். வேறு யாரோ அவருக்குப் போன் செய்ததாலும் இருக்கலாம். அப்பாவிடம் இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லிப் பார், கஞ்சத்தனம் என்ற வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும்.